கிலுகிலுக்கும் பந்து

கிலுகிலுப்பைச் சத்தம்தான் முதலில் கேட்டது.

ஷிஹோ நடைக்கூடத்திலேயே நின்றுவிட்டாள். உள்ளே யாரோ கைக்குழந்தையோடு இருக்கிறார்கள் என்று நினைத்தாள். சத்தம் கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது, தவழும் பிள்ளை மாதிரி.

கதவைத் தள்ளினாள்.

குழந்தை இல்லை. நகராட்சி உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரையில் தொகிதா மண்டி போட்டு ஊர்ந்துகொண்டிருந்தார். தரையோடு ஒரு நூலை நீட்டுவார். அதன்மேல் டேப்பை ஒட்டுவார். கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பார். ஒரு முழம் நகர்வார். நகரும்போதெல்லாம் அவர் பாக்கெட்டில் ஏதோ கிலுகிலுத்தது.

"சென்செய்," என்றாள்.

ஜப்பானில் குருவையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், வைத்தியரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தொகிதாவுக்கு இருபத்தொன்பது வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. ஊசி வைத்தியம் அவர் பிழைப்பு. ஷிஹோவுக்கு முப்பத்தேழு. வாரத்தில் இரண்டு நாள் தன் வலது தோளை அவர் ஊசிகளுக்குக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பவள்.

"இன்றைக்கு வைத்தியசாலை விடுமுறை," என்றார் அவர், டேப்பிலிருந்து விரலை எடுக்காமல்.

"தெரியும். கதவில் எழுதியிருந்தது. நீங்கள் இங்கே இருப்பீர்கள் என்றும் எழுதியிருந்தது."

"மூச்சு வாங்குகிறதே. ஓடி வந்தீர்களா?"

"நான்கு மணிக்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும். இந்தத் தோள் தாங்குமா, தாங்காதா?"

தொகிதா நூலை அப்படியே தரையில் விட்டார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எதைத் தாங்கணும்?"

ஊருக்கே தெரிந்த கதை. ஆனாலும் அவள் முதலிலிருந்து சொன்னாள்.

நாலு வயதில் அப்பா டென்னிஸ் மட்டையைக் கையில் திணித்தார். பதினெட்டில் பயிற்சியாளர் விமானம் ஏற்றிவிட்டார். இருபத்திரண்டில் உலக வரிசையில் ஒன்பதாவது இடம். பந்து தரையில் பட்டு முழங்கால் உயரம் எழுவதற்குள் அடித்துவிடுவாள். எதிரில் நிற்பவளுக்கு எச்சில் விழுங்க நேரம் இருக்காது. இருபத்தாறில் தோள் கிழிந்தது. மருத்துவர் போதும் என்றார், நிறுத்தினாள். ஒன்பது வருடம் ஓடிப்போனது. வேறொரு மருத்துவர் ஆடலாம் என்றார். ஒரு கம்பெனி புதுக் காலணி அனுப்பியது. திரும்பி வந்தாள்.

"வந்து ஒன்றரை வருடமாகிறது, சென்செய். பதினான்கு போட்டி. பன்னிரண்டில் முதல் சுற்றோடு சரி. ஒரு பத்திரிகைக்காரன் எழுதினான், 'குரெபயாஷி ஷிஹோ திரும்பி வந்துவிட்டார், விமான நிலையம் வரைக்கும்' என்று."

தொகிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மன்னிக்கணும். நன்றாகத்தான் எழுதியிருக்கிறான்."

"நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது."

"இப்போது என்ன அவசரம்?"

"ஃபுகுவோகா போட்டியில் எனக்கென்று ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். நான்கு மணிவரைதான். அப்புறம் வேறு ஆளுக்குப் போய்விடும். இனிமேல் யாரும் கூப்பிட மாட்டார்கள். இதை விட்டால் அவ்வளவுதான்."

"உங்கள் மானேஜர் என்ன சொல்கிறார்?"

"நிவாவா? ஆடலாம் என்கிறார்."

"வீட்டுக்காரர்?"

"பட்டது போதும் என்கிறார்."

"மருத்துவர்?"

"பாதிக்குப் பாதி என்கிறார். அதனால்தான் உங்களிடம் வந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்கள் விரலுக்குத்தானே தெரியும். தாங்கும் என்று சொல்லுங்கள், ஆடுகிறேன். தாங்காது என்றால் சொல்லிவிடுங்கள், மட்டையை இங்கேயே தலைமுழுகிவிடுகிறேன்."

தொகிதா மணி கேட்டார்.

"மூன்று பத்து."

"நேரம் இருக்கிறது," என்று எழுந்தார். பாக்கெட்டுக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் பந்தை எடுத்தார். ஸ்பாஞ்ச் பந்து. அசைத்தால் உள்ளே மணிகள் உருண்டன. இன்னொரு பாக்கெட்டிலிருந்து ஒரு கறுப்புத் துணி.

"கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள்."

"எதற்கு?"

"தோளைப் பார்க்கணும் என்றீர்களே. நாங்கள் ஆடுகிற டென்னிஸ் இது. பந்தைக் காதால் பிடிக்கணும். கோட்டைக் காலால் தடவிப் பார்க்கலாம், டேப்புக்கு அடியில் நூல் இருக்கிறது. பின்கோடு இன்னும் போடவில்லை, பரவாயில்லை. பந்து மூன்று முறை தரையில் படும்வரை விட்டு அடிக்கலாம்."

"எனக்கு ஒரு முறை போதும்."

"தாராளமாக."

சின்ன மட்டை ஒன்றைக் கொடுத்தார். ஷிஹோ துணியைக் கட்டிக்கொண்டாள். கூடம் அணைந்தது. கூரைத் தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது, அது அப்போதுதான் காதில் விழுந்தது.

வலைக்கு அந்தப் பக்கம் பந்து கிலுகிலுத்தது.

"அனுப்பட்டுமா?" என்றார் தொகிதா.

ஷிஹோ முழங்காலை மடக்கிக் குனிந்தாள். மட்டையை முன்னால் நீட்டி இடம் வலமாக அசைந்தாள். அவள் தொழிலில் அதுதான் வழக்கம். அப்படி நின்றால் எதிராளி அடிப்பாள். அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

பந்து வரவில்லை.

"அனுப்பட்டுமா?"

இன்னும் தாழக் குனிந்தாள். இன்னும் வேகமாக அசைந்தாள். மழை மட்டும் பெய்தது.

"நான் நிற்பது தெரியவில்லையா, சென்செய்?"

"தெரியவில்லை," என்றார் அவர்.

ஷிஹோவுக்குக் காது சுட்டது. "மன்னிக்கணும். மறந்துவிட்டேன்."

"பரவாயில்லை. அனுப்பட்டுமா?"

"உங்கள் இஷ்டம்."

பந்து வரவில்லை.

"அனுப்பட்டுமா?"

"எப்போது வேண்டுமானாலும் அனுப்புங்கள். எனக்கு ஒன்றுமில்லை."

கிலுகிலுப்புக்கூட இல்லை. பந்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டுவிட்டார் போலிருந்தது.

"அனுப்பட்டுமா?"

"நான்தான் வேண்டாமென்று சொல்லவில்லையே," என்றாள் ஷிஹோ. குரலில் சூடு ஏறியிருந்தது.

"வேண்டாமென்று சொல்லாதது எங்கள் ஆட்டத்தில் கணக்கில்லை. 'வரட்டும்' என்று சொல்லணும். சொல்லாத ஆளுக்குப் பந்து போடக்கூடாது. அதுதான் சட்டம்."

"இவ்வளவுதானா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே."

"இப்போது சொல்லிவிட்டேன். அனுப்பட்டுமா?"

ஒரு சொல். ஷிஹோ வாயைத் திறந்தாள். சத்தம் எழவில்லை. பதினாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்த மைதானத்தில்கூட அவள் உள்ளங்கை இப்படி வேர்த்ததில்லை. நாலு வயதில் அப்பா மட்டையை நீட்டியபோது தான் என்ன சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் சொன்னதாக ஞாபகம் இல்லை. வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

தொகிதா காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"வரட்டும்," என்றாள்.

"மழைச் சத்தம். காதில் விழவில்லை."

"வரட்டும்."

பந்து வந்தது. தரையில் பட்டுக் கிலுங்கியது. எழும்போதே அடித்துப் பழகிய கை தானாக வீசியது. காற்றுதான் அகப்பட்டது. பந்து அவள் தாடையில் மெத்தென்று மோதி விழுந்தது.

"எங்கே பட்டது?"

"முகத்தில்."

"உலக ஒன்பதாம் இடம்," என்றார் தொகிதா.

ஷிஹோ தரையைத் தடவிப் பந்தைத் தேடி உருட்டிவிட்டாள். உதட்டோரம் சிரிப்பு துடித்தது.

"அனுப்பட்டுமா?"

"வரட்டும்."

இந்த முறை முழங்காலில். அடுத்தது காதோரம் கிலுகிலுத்துக்கொண்டு போயே போய்விட்டது. அதற்கடுத்ததற்கு அவள் பொறுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது கிலுக்கு, பாதத்துக்குப் பக்கத்தில், மெல்ல. வீசினாள். மட்டையின் விளிம்பில் எங்கோ பட்டது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டாள். கேட்ட குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, பொட்டலத்தைப் பிரிக்கிற பிள்ளையின் குரல்.

"வலையில்."

"இன்னொன்று போடுங்கள்."

"அனுப்பட்டுமா?"

"வரட்டும், வரட்டும்."

எத்தனை பந்து என்று யாரும் எண்ணவில்லை. ஒன்றே ஒன்று வலையைத் தாண்டியது. அதுவும் வெளியே போய் விழுந்தது என்றார் தொகிதா. அவர் சொன்னால்தான் உண்டு.

பெஞ்சின் மேல் அவள் போன் அடித்தது.

கண்ணைக் கட்டியபடியே நடந்தாள். ஒரு நூல் பாதத்தில் தட்டியது, நடுக்கோடு. இன்னொன்று தட்டியது, பக்கக்கோடு. அதைக் காலால் தடவிக்கொண்டே போனால் பெஞ்சு.

"மணி மூன்று ஐம்பது," என்றார் நிவா. "சென்செய் என்ன சொன்னார்? தாங்குமாமா?"

"அவரிடம் பதில் வாங்க மறந்துவிட்டேன்."

"என்னம்மா விளையாட்டு இது? பத்து நிமிடம்தான் இருக்கிறது. யோசித்துச் சொல்லுங்கள். முதல் சுற்றிலேயே அந்தப் பதினேழு வயதுப் பெண் வந்தால்? அவள் சர்வீஸைப் பார்த்தீர்களல்லவா? அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

"வரட்டும்," என்றாள் ஷிஹோ.

"சரி, பேரைக் கொடுத்துவிடுகிறேன்," என்று நிவா போனை வைத்துவிட்டார்.

அவள் துணியை அவிழ்த்தாள். வெளிச்சம் கூசியது. தொகிதா ஏற்கெனவே தரைக்குப் போய்விட்டிருந்தார். நூல் விட்ட இடத்தை விரலால் தேடிக்கொண்டிருந்தார்.

"சென்செய், தோள்?"

"வைத்தியசாலை நாளைக்குத் திறந்திருக்கும்," என்றார். "ஐந்து மணிக்கு எங்கள் ஆட்கள் ஆட வந்துவிடுவார்கள். பின்கோடு இன்னும் பாக்கி."

நூல் அகப்பட்டது. நீட்டினார். டேப்பை ஒட்டினார். கட்டைவிரலால் தேய்த்தார். ஒரு முழம் நகர்ந்தார். பாக்கெட்டில் பந்து கிலுகிலுத்தது.