பதினாறு மிஷினும் ஒரு மூட்டை வேஸ்ட் துணியும்

“எனக்கு மேல வர ஒரு வழி சொல்லு தாயி” என்று கேட்டான் பேச்சிமுத்து.

சாந்தாமணி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

கேட்டவனுக்கு முப்பத்தெட்டு வயது. கேட்கப்பட்டவளுக்கு இருபத்தாறு.

அவன் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். திருப்பூருக்கு வந்து பதினான்கு வருஷம் ஒரே பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தான். இரண்டு துணியை ஓரத்தோடு சேர்த்துத் தைப்பது ஓவர்லாக். அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். வேறு எதுவும் தெரியாது.

அவள் அதே கம்பெனியில் பதினேழு வயதில் பீஸ் மடித்துக் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தவள். இன்று சாம்பிள் டெய்லர். எல்லோரும் அவளை மாஸ்டர் என்றார்கள். பேச்சிமுத்து மட்டும் தாயி என்பான். தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவளை மாஸ்டர் என்று கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

வெளிநாட்டு ஆர்டர் நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது.

முதலாளி திருமூர்த்தி எல்லோரையும் கூப்பிட்டு, ஆர்டர் வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்று வீட்டுக்கு அனுப்பினார். சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஹாலில் பதினாறு மிஷின் கவர் போட்டுக் கிடந்தது.

சாம்பிள் அறை மட்டும் மூடவில்லை. அதை மூடவும் முடியாது. ஒரு உடுப்பை மாதிரிக்குத் தைத்து அனுப்பி, அது அங்கே பிடித்தால்தான் ஆர்டரே வரும்.

அந்த அறையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் சாந்தாமணி. இன்னொன்று காலி.

பேச்சிமுத்து வந்தது அந்தக் காலி நாற்காலிக்காக.

ஆனால் சாம்பிள் டெய்லர் என்றால் முழு உடுப்பையும் ஒரே ஆள் தைக்க வேண்டும். ஓவர்லாக்கில் சேர்த்து, பேட்லாக்கில் அடிமடிப்பு அடித்து, சிங்கரில் கழுத்துப்பட்டியும் லேபிளும் வைத்து, கடைசி நூலை வெட்டுகிற வரைக்கும். அதனால்தான், எனக்கு எல்லாம் கற்றுக்கொடு என்று கேட்டான்.

சாந்தாமணி நூலைக் கோத்து முடித்தாள். பிறகு மேஜைக்கு அடியில் கிடந்த ஒரு மூட்டையைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

மூட்டையில் கட்டிங் வேஸ்ட். கிழிந்ததும் கோணலுமாகத் துண்டுத் துணி.

“ஹால்ல பதினாறு மிஷின் இருக்குதுங்ண்ணா. தினமும் ஒவ்வொண்ணுலயும் ஒரு துணி ஓட்டுங்க.”

“எதுவரைக்கும்?”

“கறை நிக்கிற வரைக்கும்.”

சும்மா கிடக்கிற தையல் மிஷினில் எண்ணெய் மெதுவாக இறங்கி ஊசிமுனையில் வந்து நிற்கும். அடுத்து எந்தத் துணியை வைத்தாலும் முதல் தையலிலேயே கறை. வேஸ்ட் துணியைக் கொஞ்சம் ஓட்டினால்தான் எண்ணெய் வடிந்து கறை விழுவது நிற்கும். இது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆளே இல்லாத மிஷினில் கறை நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன என்று பேச்சிமுத்து நினைத்தான்.

கேட்கவில்லை. நாற்காலி வேண்டுமே.

அன்றைக்கே ஆரம்பித்தான்.

அவனுடைய மிஷின் ஒரு நிமிஷத்தில் சுத்தமானது. அடுத்தது ரேச்சல் அக்காவின் பேட்லாக். அந்த அக்கா நாகர்கோவில். மிஷின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை ஒட்டியிருந்தாள். பேச்சிமுத்து காலை வைத்ததும் நூல் அறுந்தது. அந்த மிஷினில் ஐந்து நூல். எது எதற்குள் நுழைந்து எங்கே வருகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. அறுந்ததைக் கோத்தால் வேறொன்று அறுந்தது. பிறகு ஊசி உடைந்தது.

சாம்பிள் அறைக்குப் போய், இது எப்படிக் கோப்பது என்று கேட்டான்.

பக்கத்து பேட்லாக்கில் அறுக்காமல் விட்டுப்போன நூல் அப்படியே இருக்கும், அதைப் பார்த்துக் கோத்துக்கொள்ளச் சொன்னாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

காட்டிக்கொடுத்தால் இரண்டு நிமிஷ வேலை. பேச்சிமுத்துவுக்கு அன்றைக்கு அது ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே கோத்தான்.

மறுநாள் அரை மணி. அதற்கடுத்த வாரம் எவ்வளவு நேரம் ஆனது என்று அவன் பார்க்கவில்லை.

ஒவ்வொரு மிஷினும் ஒரு ஆள் மாதிரி இருந்தது. ஒன்றில் மகளின் பள்ளிக்கூடப் போட்டோ. ஒன்றில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு. சுவரோரம் கிடந்த கடைசி ஓவர்லாக்கில் பிறையும் நட்சத்திரமும் போட்ட ஸ்டிக்கர். அது அறந்தாங்கி காதர் மொய்தீனுடையது. பேச்சிமுத்துவும் காதரும் பத்து வருஷம் ஒரே டீக்கடையில் டீ குடித்தவர்கள். காதர் இப்போது போன் எடுப்பதில்லை.

பத்தொன்பது நாள் ஓட்டினான்.

ஒரு பாடமும் நடக்கவில்லை. அவள் கூப்பிட்டு உட்காரவைத்து ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியும் காலியாகவே இருந்தது. வீட்டில் மனைவி பவானி, என்னதான் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். துணியில் கறை துடைக்க என்றான். அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

சங்கரன்கோவிலில் அவன் மச்சினன் அரிசிக் கடை வைத்திருந்தான். வந்து கல்லாப் பக்கத்தில் உட்காருங்கள், திருப்பூர் இனி எழுந்திருக்காது என்று வாரம் இரண்டு தடவை போன் பண்ணினான்.

இருபதாவது நாள் பேச்சிமுத்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் சாம்பிள் அறை வாசலில் போட்டான்.

“பாடம் சொல்லித் தருவன்னு வந்தேன். நீ என்னைக் கூலி இல்லாத வேலைக்காரனா வச்சிருக்க. போனவங்க மிஷினுக்கெல்லாம் நான் எதுக்கு எண்ணெய் துடைக்கணும்? நானும் ஊருக்குப் போறேன், தாயி.”

சாந்தாமணி மிஷினை நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை.

“சாப்ட்டுட்டுப் போங்கண்ணா. பஸ்ல தூரம்” என்றாள்.

அவன் சாப்பிடாமல் போனான்.

அரிசிக் கடையில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. மச்சினன் மரியாதையாகத்தான் வைத்திருந்தான். ஆனால் கல்லாவுக்கு அடியில் அவன் வலது கால் தானாகத் தரையை அமுக்கிக்கொண்டே இருந்தது. வாங்க வந்த ஒரு ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, காலில் ஏதும் நோவா என்று விசாரித்தாள்.

பன்னிரண்டாம் நாள் சாந்தாமணி போன் பண்ணினாள்.

“நாளைக்குக் காலையில இங்க இருக்க முடியுங்களா?”

எதற்கு என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கிளம்பிவிட்டான்.

போனபோது முதலாளி ஹாலில் நடந்துகொண்டிருந்தார். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, பச்சைக் குழந்தைக்கான உடுப்பு கேட்டிருந்தது. இரண்டு அளவில் இரண்டு சாம்பிள். சாயங்காலம் நான்கு மணிக்கு கூரியர் வண்டி வரும். பிடித்துப்போனால் வருஷம் முழுக்க ஆர்டர். பிடிக்காவிட்டால் மிஷின்களை விற்றுவிடுவது என்று அவர் முடிவு பண்ணியிருந்தார். அதை அவர் மறைக்கவில்லை.

துணி வெள்ளை. இரண்டு உடுப்புக்குச் சரியாகத்தான் இருந்தது. ஒன்று கெட்டால் மாற்று இல்லை.

ஒரு உடுப்பை சாந்தாமணி சாம்பிள் அறை மிஷின்களிலேயே தைப்பாள். இன்னொன்றை யார் தைப்பது என்று முதலாளி கேட்டார். அவள் பேச்சிமுத்துவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். இவனுக்கு ஓவர்லாக் தவிர ஒன்றும் தெரியாதே என்றார் முதலாளி. பேச்சிமுத்துவும் அதைத்தான் நினைத்தான்.

வெட்டிய துணியை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

அவன் தன் பழைய மிஷினில் உட்கார்ந்தான். துணியை ஊசிக்கடியில் வைக்கப்போன கை நின்றது.

பன்னிரண்டு நாள் ஓடாத மிஷின். துணி வெள்ளை.

அவசரமாக ஒரு வேஸ்ட் துணியைத் தேடி எடுத்து ஓட்டினான். எண்ணெய் எவ்வளவு நேரம் வடியுமோ என்று கணக்குப் போட்டான்.

துணி சுத்தமாக வந்தது.

திருப்பிப் பார்த்தான். இன்னொரு துணி ஓட்டினான். அதிலும் ஒரு பொட்டுக் கறை இல்லை.

மிஷினுக்குப் பக்கவாட்டில், வெட்டிய நூலும் துண்டும் போட ஒரு பை தொங்கும். பேச்சிமுத்து அதற்குள் கையை விட்டான். தைத்த வேஸ்ட் துணிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தையல்.

எண்ணினான். பன்னிரண்டு.

சாம்பிள் அறைப் பக்கம் பார்த்தான். கதவு வழியாக அவள் முதுகு தெரிந்தது. தைத்துக்கொண்டிருந்தாள்.

பேசுவதற்கு நேரமில்லை. தைக்க ஆரம்பித்தான்.

தோள் சேர்த்தான். பக்கம் சேர்த்தான். முடித்ததும், பதினான்கு வருஷப் பழக்கம், தலையைத் தூக்காமல் பீஸை இடது பக்கம் வீசி, “பேட்லாக்” என்று குரல் கொடுத்தான்.

யாரும் எடுக்கவில்லை.

பீஸ் ரேச்சல் அக்காவின் மேஜையில் போய் விழுந்து கிடந்தது. சிலுவைக்குக் கீழே.

பேச்சிமுத்து எழுந்தான். போய் அங்கே உட்கார்ந்தான். ஒரு வேஸ்ட் துணி ஓட்டிப் பார்த்தான். அதுவும் சுத்தம். நடுவில் ஒரு நூல் அறுந்தது. கோத்தான். அடிமடிப்பு அடித்தான். எழுந்து, மகள் போட்டோ ஒட்டியிருந்த சிங்கரில் உட்கார்ந்தான். கழுத்துப்பட்டி வைத்தான். லேபிள் வைத்தான். கத்தரியை எடுத்துக் கடைசி நூலை வெட்டினான்.

உடுப்பைத் தூக்கிப் பிடித்தான்.

காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

முதலாளி இரண்டு உடுப்பையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். உள்ளே வெளியே திருப்பினார். தையலை இழுத்துப் பார்த்தார். பெரியது யார் தைத்தது, சின்னது யார் தைத்தது என்று கேட்டார். இருவரும் சொல்லவில்லை. அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வண்டி வந்தது. உடுப்பு போனது.

சாந்தாமணி தூக்குச்சட்டியைத் திறந்து தக்காளிச் சோற்றில் பாதியை மூடியில் எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள். இந்தத் தடவை அவன் சாப்பிட்டான்.

பாதியில் நிறுத்திக் கேட்டான்.

“நான் போறேன்னு சொல்லிட்டுல்லா போனேன். பெறவு ஏன் என் மிஷினை ஓட்டுன?”

“போறேன்னு நீங்கதான் சொன்னீங்க. மிஷின் சொல்லலீங்களே.”

அவன் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று சொல்லிக்கொண்டான். தக்காளிச் சோற்றில் காரமே இல்லை.

சாந்தாமணி மூடியைத் துடைத்துக்கொண்டே பேசினாள். அவள் அவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால், அவள் முதன்முதலாக ஒரு மிஷினில் உட்கார்ந்த சமயம், மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுத்துவிட்டாளாம். இனி இவள் எங்கே வரப்போகிறாள் என்று எல்லோரும் சொன்னார்களாம். திரும்பி வந்து பயந்துகொண்டே உட்கார்ந்து முதல் துணியை வைத்தாளாம்.

“கறை இல்லீங்ண்ணா.”

“யாரு ஓட்டுனது?”

அவள் முகவாயால் ஹாலைக் காட்டினாள். சுவரோரம், கடைசி மிஷின். பிறையும் நட்சத்திரமும்.

காதர் ஒருநாள்கூட அதை அவனிடம் சொன்னதில்லை. பத்து வருஷம் டீ குடித்தும் சொன்னதில்லை.

அப்போது முதலாளி வந்தார். ஆர்டர் வருமோ வராதோ தெரியாது, ஆனாலும் அந்த நாற்காலி உங்களுக்குத்தான் என்றார். அடுத்த சாம்பிளுக்குத் துணி வெட்டியாகிவிட்டது, இப்போதே வந்து உட்காருங்கள் என்றார்.

பேச்சிமுத்து நாற்காலியைப் பார்த்தான். எத்தனை நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன்.

கை கழுவிவிட்டு வந்தான்.

“வாரேன் முதலாளி. இன்னும் பதிமூணு மிஷின் இன்னைக்கு ஓடல.”

பிறகு சாந்தாமணி பக்கம் திரும்பினான்.

“மூட்டையை எங்க வச்சிருக்கீங்க, மாஸ்டர்?”