வந்தேறிகள் இறங்குக!

முத்துத்தாழை ஒரு துறைமுகப் பட்டினம். அதை ஆண்ட ராஜாவின் பெயர் சிங்கமாராயர். சிங்கமெல்லாம் பெயரோடு சரி. படைத்தலைவரான தளவாய் நீட்டிய இடத்தில் முத்திரை வைப்பார்.

அவர் சபையைச் சிரிக்க வைக்கிற வேலை சடையாண்டிக்கு. பெயரில்தான் சடை. தலையில் ஒரு முடி கிடையாது. நிறம், கல்லில் மறந்துவிட்ட தோசை. இதையெல்லாம் பிறர் சொல்லுமுன் அவரே சொல்லிவிடுவார். "நாமே சொன்னால் சிரிப்பு. அடுத்தவன் சொன்னால் கோபம். எதற்கு வம்பு?" அவ்வளவுதான் பேச்சு. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

குதிரைக் கப்பல்களில் வேலைக்கு வந்த சில சீதிக் குடும்பங்கள் உப்பங்கரைத் தெருவில் தங்கிவிட்டன. கடலுக்கு அப்பால் பிறந்தவர்கள். மைக்கறுப்பு, சுருள்முடி. தளவாய் செவ்வந்திநாதருக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. அவர்கள் கிணற்றில் செத்த நாயைப் போட்டது அவருடைய ஆட்கள் என்று ஊருக்கே தெரியும்.

அந்த ஐப்பசியில் தளவாய் ஓர் ஓலை எழுதி வந்தார்.

"வந்தேறிகள் அனைவரும் நாளைப் பொழுது சாயுமுன் இறங்க வேண்டும். இறங்காதார் இறக்கப்படுவர்."

படகுத்துறையில் இறங்கிக் கடலோடு போ என்று அர்த்தம். சுருக்கி எழுதியதில் ஏறு, இறங்கு என்று முரண் அழகாக விழுந்துவிட்டதாம். தளவாய்க்கு அதில் அப்படி ஒரு பெருமை. ராஜா படிக்காமலே முத்திரை வைத்தார். சடையாண்டி பக்கத்தில்தான் இருந்தார். வாய் நிறைய அதிரசம். அதை விழுங்கி முடிப்பதற்குள் சபை கலைந்துவிட்டது.

சாயங்காலம் மீன் விற்கிற பூரணத்தாள் அவர் வாசலில் வந்து நின்றாள். உப்பங்கரைத் தெருக்காரி.

"அண்ணே, எங்க தெருச் சீதி மபரூக் பெண்டாட்டி சும்புலாவுக்கு இன்னிக்கோ நாளைக்கோ பிரசவம். இந்தக் காத்துல படகு ஏத்தினா தாயும் மிஞ்சாது, பிள்ளையும் மிஞ்சாது."

"தெரு என்ன சொல்லுது?"

"நாய் கிடந்த கிணத்தை நாங்க எல்லாருமாத்தான் இறைச்சோம். முறை போட்டுக் காவல் கிடக்கோம். ஆனா வேலுக்கு முன்னால துடுப்பு எம்புட்டு நேரம் நிக்கும்? நீங்க பேசுங்க."

"நான் கோமாளி, பூரணம்."

"அது தெரிஞ்சுதானே வந்தேன்! அரண்மனைச் சோத்துல உங்களுக்கு வளர்ந்தது வயிறும் வாயும். வயிறு எங்களுக்கு வேண்டாம். வாயை மட்டும் ஒரு நாள் கொடுங்க."

சடையாண்டிக்குச் சுருக்கென்றது.

"பல்லக்குத் தூக்குற உன் கொழுந்தன்மாரை என்கிட்ட அனுப்பு. நாளைக்குத் தெருவைத் திரட்டிக்கிட்டு அரண்மனைக்கு வா. போ."

கதவைச் சாத்தினார்.  

பிறகு ராஜாவிடம் போனார். "அந்த உத்தரவை நானே நிறைவேற்றுகிறேன், மகாராஜா. ஓர் எழுத்து பிசகாது." வேடிக்கையாக இருக்குமே என்று ராஜா தலையாட்டினார்.

மறுநாள் கடைத்தெருவில் பூரணத்தின் கொழுந்தன்மார் தளவாயின் பல்லக்கைச் சேற்றில் இறக்கினார்கள்.

"இறங்குங்க சாமி."

"எதுக்குடா?"

"வீட்டிலேர்ந்து வந்தீங்க. பல்லக்குல ஏறினீங்க. வந்து ஏறினவங்க இறங்கணும்னு உத்தரவாம்ல?"

தளவாய் இடுப்பளவு சேற்றோடு அரண்மனை வந்து சேர்ந்தார். அதற்குள் பாகன் யானையை விட்டு இறங்கிவிட்டான். மதில்மேல் நின்ற காவலர்களும் இறங்கிவிட்டார்கள். உப்பங்கரைத் தெரு மொத்தமும் முற்றத்தில் மழையில் நின்றது. அவர்களுக்கு நடுவில் சடையாண்டி, மொட்டைத் தலையில் தண்ணீர் வழிய.

ராஜா அப்போதுதான் அரியணையில் ஏறி உட்கார்ந்தார்.

"ஓய், நீர் ஏன் அங்கே நிற்கிறீர்?"

"இந்த ஊரின் முதல் வந்தேறி நான்தான், மகாராஜா. முப்பது வருஷத்துக்கு முன்னால் மழைக்கு ஒதுங்க இந்தப் படியில் ஏறினேன். சாப்பாடு நன்றாக இருந்தது. இறங்கவே இல்லை. இன்றுதான் இறங்கினேன். நீங்களும் இறங்குங்கள்."



"நானா?"

"தங்கள் பாட்டனார் மலைக்கு அப்பாலிருந்து குதிரையில் வந்தார். இந்த அரியணையில் ஏறினார். வந்து ஏறினாரா, இல்லையா?"

 தளவாய் பாய்ந்தார்.

"வந்தேறி என்றால் அந்தக் கறுப்பர்கள்!"

"அப்படி எழுதவில்லையே, தளவாய். எழுதியிருந்தால் முதல் படகில் நான் இருப்பேன். என்னைவிடக் கறுப்பு அந்தத் தெருவிலேயே கிடையாது."

ராஜா மெல்லத் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அது, மாநிறம் என்று பாடப் புலவர்களுக்குப் பொன் கொடுக்க வேண்டிய நிறம்.

"அப்படியானால் இந்தப் பட்டினத்தில் வந்தேறாதவர் ஒருவர்கூட இல்லையா?"

"நேற்றுவரை இல்லை. இன்று விடியற்காலையில் ஒருத்தி வந்திருக்கிறாள். வந்ததோடு சரி. ஏறத் தெரியவில்லை."

பூரணத்தாள் முந்தானையை விலக்கினாள். சும்புலாவின் மகள். சுருட்டிய துணிக்குள் கறுகறுவென்று தூங்கினாள்.

"உத்தரவுப்படி, பொழுது சாய்ந்தபின் இங்கே இருக்கத் தகுதியுள்ள ஒரே பிரஜை இவள். வரி வாங்குவது, கோட்டை காப்பது, எல்லாம் இனி இவள் பொறுப்பு."

ராஜா சிரித்தார். தூண் அதிரச் சிரித்தார். இறங்கி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு திரும்பப் போய் அரியணையில் ஏறி உட்கார்ந்தார்.

"தளவாய், அந்த ஓலையைக் கிழியும். பிறகு போய் அவர்கள் கிணற்றில் இறங்கித் தூர் வாரும். இறங்குவது உமக்குப் பிடித்த சொல்லாயிற்றே! சும்புலாவும் அவள் தெருவும் எங்கேயும் போகவேண்டாம். ஓய் சடையாண்டி, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

தளவாய் ஓலையை இன்னும் கிழிக்கவில்லை; அதுவரை உத்தரவு உத்தரவுதான். சடையாண்டி அதைப் பார்த்தார். ராஜாவின் மடியைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"பரிசு கிடக்கட்டும், மகாராஜா. முதலில் பிள்ளையை இறக்குங்கள். அதுவும் ஏறிவிட்டது. இருந்த ஒரே பிரஜையும் போச்சு!"