அஞ்சல்வழி வக்கீலம்மா

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் எழுந்துபோக முடியாது. கடைசியில் தீர்ப்பு உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே இப்போதே காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலத்தில் கோர்ட்டுக்கு எதிரே ஏகாம்பரம் என்று ஒரு தையற்காரர் இருந்தார். வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டும் கவுனும் தைப்பதுதான் பிழைப்பு. அவர் மனைவி தில்லைநாயகி பி.ஏ. படித்தவள். வயிற்றில் தங்கிய ஒரே பிள்ளையும் பிறந்த அன்றே இறந்துவிட, அவள் பேச்சையே விட்டுவிட்டாள். சோறு வைத்தால் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் கேட்கமாட்டாள். ஏகாம்பரம் கும்பிடாத சாமி இல்லை.

ஒரு நாள் அவளாகவே வாயைத் திறந்தாள். "என்னங்க, வீட்டிலிருந்தே சட்டம் படிக்கலாமாம். படிச்சு வக்கீலாகட்டுமா?"

அவள் எதைக் கேட்டிருந்தாலும் அவர் சரி என்றிருப்பார். மூன்று வருஷப் படிப்பு. தபாலில் புத்தகக் கட்டு வந்தது. அதைப் பிரித்த கையோடு வீட்டுக்கும் உயிர் வந்தது. காய்காரரிடம் ஒப்பந்தச் சட்டம் பேசினாள். புருஷனின் குறட்டை பொதுத் தொல்லையில் சேருமா என்று ஆராய்ந்தாள். அவள் சிரிப்பதைக் கேட்பதற்காகவே ஏகாம்பரம் மத்தியானத்தில் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு ஓடி வருவார்.

முதல் வருஷப் பரீட்சை முடிந்த சமயம். கவுனுக்கு அளவு கொடுக்க வந்த ஜெசிந்தா என்ற இளம் வக்கீலிடம் அவர் பெருமையாக விஷயத்தைச் சொன்னார். அவள் முகம் மாறியது.

"அண்ணே, தபால்ல படிச்சா பட்டம் கிடைக்கும். ஆனா பார் கவுன்சில்ல வக்கீலாப் பதிவு பண்ண மாட்டாங்க. காலேஜுக்குப் போய்த்தான் படிக்கணும். விழுப்புரத்துல காலேஜ் இருக்கே, ரயில்ல போயிட்டு வரலாம். அக்காகிட்ட உடனே சொல்லிடுங்க."

சொன்னால் அவள் வழியை மாற்றிக்கொள்வாளா, பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாளா? "இப்பத்தாம்மா சிரிக்கிறா. நீயும் சொல்லிடாதே," என்று ஏகாம்பரம் கெஞ்சினார். ஜெசிந்தா மனமில்லாமல் வாக்குக் கொடுத்தாள்.

அதன்பின் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "நான் கோர்ட்டுல நிக்கிறப்போ..." என்று நாயகி ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவார். ஆள் பாதியாக இளைத்துப்போனார்.

கடைசி வருஷ முடிவும் வந்தது. நாயகி தேறிவிட்டாள். அவள் மைசூர்பாகை நீட்ட, அவர் வாங்காமல் ஓவென்று அழுதார். மனசில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

அவள் அவர் கண்ணைத் துடைத்தாள். "எனக்குப் போன வருஷமே தெரியுங்க."

ஜெசிந்தாவால் அந்த வாக்கோடு அதற்குமேல் இருக்க முடியவில்லையாம். வீட்டுக்கு வந்து, "அக்கா, உங்க படிப்பைப் பத்தி மனசுக்குக் கஷ்டமான சேதி ஒண்ணு இருக்கு. இப்பக் கேக்கிறீங்களா, பரீட்சை முடிஞ்சு கேக்கிறீங்களா?" என்றாளாம். "இப்பவே சொல்லு," என்றாளாம் நாயகி.

"அன்னைக்குப் பூரா அழுதேன். அப்புறம் புத்தகத்தை எடுத்தேன். வக்கீலாக முடியாட்டியும் எனக்கு அது புடிச்சிருந்துச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எனக்காக இத்தனை நாள் மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்கியிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னா நீங்க உடைஞ்சுபோவீங்கன்னு பயந்தேன்."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மனைவியின் சிரிப்பு போய்விடுமே என்று ஏகாம்பரம் உண்மையை மறைத்தார். கொடுத்த வாக்கை மீறி ஜெசிந்தா அதைச் சொன்னாள். தெரிந்தும் தெரியாததுபோல் நாயகி இருந்தாள். மூவரும் பிரியத்தில்தான் செய்தார்கள். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ஜெசிந்தா செய்ததே சரி. வாக்கை மீறினாளே என்பீர்கள். நாயகியின் வாழ்க்கையைப் பற்றிய வாக்கை நாயகியைக் கேட்காமல் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. தாங்குவாளா மாட்டாளா என்பதை அவளிடமே விட்டவள் ஜெசிந்தா ஒருத்திதான். ஏகாம்பரம் தானே முடிவு செய்துகொண்டதால் நாயகிக்கு விழுப்புரம் போகும் வழி ஒரு வருஷம் அடைபட்டுக் கிடந்தது. நாயகியும் லேசுப்பட்டவள் இல்லை. வாயைத் திறந்திருந்தால் அந்த மனுஷன் ஒரு வருஷம் முன்பே நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். இருவரையும் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்களே தங்களுக்குள் தீர்த்துக்கொண்டார்கள். விழுப்புரம் கல்லூரிக்கு மனுப் போடக் கிளம்பிய அன்று நாயகி அவரிடம் சொன்னாள்: "இனிமே எனக்காகப் பயப்படுறதா இருந்தா, எங்கிட்டச் சொல்லிட்டுப் பயப்படுங்க. நானும் உங்ககிட்டச் சொல்லிடுறேன்."