கஞ்சிக் கொட்டகைக்கு வந்த அரண்மனை நெருப்பு

முன்னொரு காலத்தில், மழை பிடித்தால் லேசில் விடாத ஒரு நாட்டில், நினைத்ததை நினைத்த மாத்திரத்தில் செய்துவிடும் ராஜா ஒருவர் இருந்தார். அவர் சபையில் மருதவாணன் என்றொரு விகடகவி. ராஜா அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும்போதெல்லாம் பண்டகசாலைத் தலைவர் விடங்கருக்கு வயிறு எரியும்.

அந்த வருஷம் அடைமழையில் காட்டுப் பாதைகள் மூழ்கின. விறகும் விளக்கெண்ணெயும் யானை விலை குதிரை விலை விற்றன. ஆற்றுத்துறையில் வழிப்போக்கர்களுக்குக் கஞ்சி ஊற்றிவந்த பெண்களின் அடுப்பு அணைந்தது. கரையில் இரவு விளக்கு வைத்த பரிசல்காரர்களும், ஏழை நோயாளிகளுக்குக் கஷாயம் காய்ச்சிய வைத்தியசாலைக்காரர்களும் கையைப் பிசைந்தார்கள். யாரும் கூலி வாங்காமல் ஊருக்காகச் செய்துவந்த வேலை அது.

கஞ்சிக் கொட்டகையை நடத்திய வெள்ளச்சியை மருதவாணன் சபைக்கே அழைத்துவந்துவிட்டான்.

"மகாராஜா, காய்ச்சலோட ஆத்தைக் கடந்து வர்ற சனம் வெறும் வயித்தோட சுருண்டு கிடக்குது. அரிசி இருக்கு, பானை இருக்கு. பத்தவைக்கத்தான் ஒண்ணுமில்லே" என்றாள் அவள்.

ராஜாவின் மனம் இளகிவிட்டது. "ஊருக்கு உழைக்கும் கூட்டங்கள் அனைத்திற்கும் அரண்மனை விறகும் எண்ணெயும் வழங்குக!" என்றார்.

விடங்கருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பண்டகசாலையைத் திறப்பதே அவருக்குப் பிடிக்காது. அதுவும் மருதவாணன் சொல்லித் திறப்பதா?

"அரசே, தங்கள் கருணைக்கு ஒரு மங்கள அடையாளம் வேண்டாமா?" என்று குழைந்தார். "தங்கள் திருக்கரத்தால் இங்கே ஒரு விளக்கை ஏற்றுங்கள். ஏற்றிய நெருப்பு எரியும்வரை உதவி நடக்கட்டும்."

விளக்கு ஏற்றுவதென்றால் ராஜாவுக்குக் கொள்ளை ஆசை. "அருமை! நான் ஏற்றும் நெருப்பு அணையும்வரை உதவி உண்டு. இது என் வாக்கு!"

விடங்கர் கொண்டுவந்த அகலைப் பார்த்ததும் மருதவாணனுக்குப் பகீரென்றது. கட்டைவிரல் நகம் அளவு அகல். அதில் துளி எண்ணெய். ராஜா ஏற்றினார்.

"இந்த விளக்கில் எவரும் எண்ணெய் ஊற்றலாகாது, திரி மாற்றலாகாது. அரச விளக்கல்லவா!" என்றார் விடங்கர். ராஜா முகம் சுருங்கியது. ஆனால் கொடுத்த வாக்கைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்குக் கூசியது. வெள்ளச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மருதவாணன் அந்தச் சுடரையே பார்த்தான்.

"அரசே, ஊற்றக்கூடாது, மாற்றக்கூடாது. எடுக்கலாமா?"

"எடுக்கக்கூடாதென்று எவரும் சொல்லவில்லையே" என்றார் ராஜா.

அவ்வளவுதான்! மேல்துண்டைச் சரக்கென்று கிழித்து முறுக்கினான். சுடரில் நீட்டினான். பற்றிக்கொண்டது.

"தாயி, ஓடு!"

இருவரும் ஓடினார்கள். வழியில் மடைப்பள்ளி வாசலில் தலைமைச் சமையற்காரர் மறித்தார். "ஐயா, கூரை ஒழுகி அடுப்பெல்லாம் அணைஞ்சுபோச்சு. ஒரு பொறி குடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்!" துணியோ விரலை நெருங்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை, அடுப்பில் ஒற்றினான். பதிலுக்கு அவர் ஒரு சட்டியில் தேங்காய் மட்டையை அடுக்கித் தந்தார். நெருப்பு அதில் கனிந்தது.

வெளியே மழை கொட்டியது. வெள்ளச்சி சட்டியைத் தன் உடம்பால் மூடிக்கொண்டாள். பரிசல்காரர்கள் ஓலைக்குடைகளோடு ஓடிவந்து அவர்கள் தலைக்கு மேல் பிடித்தார்கள். கொட்டகையில் ஒரு சுள்ளிகூட இல்லை. பரிசல்காரர் ஒருவர் தன் பழைய துடுப்பை முறித்து அடுப்பில் செருகினார். இன்னொருவர் உட்காரும் பலகையைப் பிளந்தார். புகைந்தது, இருமியது, படீரென்று பற்றி எரிந்தது!

"பிடிச்சிருச்சு! பிடிச்சிருச்சு!" என்று வெள்ளச்சி போட்ட சத்தம் அக்கரைக்கே கேட்டது. மழையில் அடுப்பு அணைந்த வீட்டுக்காரர்களெல்லாம் சட்டியும் சிரட்டையுமாய் வந்து நெருப்பு வாங்கிப் போனார்கள்.

மருதவாணன் சபைக்குத் திரும்பியபோது முகமெல்லாம் கரி. அகல் எப்போதோ அணைந்திருந்தது.

"விளக்கு அணைந்தது, உதவியும் முடிந்தது!" என்று விடங்கர் உரக்கச் சொன்னார்.

"விளக்கு அணைந்தது உண்மை, அரசே. ஆனால் தங்கள் வாக்கு விளக்கைப் பற்றியதன்று. ஏற்றிய நெருப்பைப் பற்றியது. அது ஆற்றுத்துறையில் எரிகிறது. கரைவிளக்கில், வைத்தியசாலையில், ஊரில் பாதி வீடுகளில் எரிகிறது."

"காவலரை அனுப்பி அத்தனையையும் அணைப்போம், அரசே!" என்று துள்ளினார் விடங்கர்.

"அணைக்கட்டும், அரசே" என்றான் மருதவாணன். "சற்று முன் விடங்கர் வீட்டு வேலைக்காரியும் அங்கே வரிசையில் நின்று வாங்கிப் போனாள்; அங்கிருந்து தொடங்கலாம். கடைசியாக மடைப்பள்ளிக்கு வரட்டும். அங்கேயும் அதே நெருப்பில்தான் தங்களுக்கு நெய்ப்பொங்கல் வேகிறது."

அந்த நேரம் பார்த்து வறுத்த முந்திரியும் நெய்யும் சபையெங்கும் மணத்தன. ராஜா மூக்கை உறிஞ்சினார். விடங்கரைப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்தார். சிரிப்பில் கிரீடம் சரிந்தது, கண்ணில் நீர் வந்தது.

"என் வாக்கு என்னைவிடப் பெரிதாக எரிகிறதே! ஊரில் ஒரு அடுப்பு எரியும்வரை உதவி நிற்காது." கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மருதவாணனுக்குப் போட்டார். "விடங்கரே, விறகு வண்டிகளைத் தாங்களே முன்னின்று கொண்டுபோய்ச் சேர்ப்பீர்களாக!"

அன்று மாலைக்குள் வண்டிகள் வரிசையாய்ப் புறப்பட்டன. முதல் வண்டியில் விடங்கர் நனைந்த தலைப்பாகையோடு விறைப்பாய் உட்கார்ந்திருந்தார். மாடத்தில் நின்ற ராஜா, வண்டிகள் கண்ணுக்கு மறையும்வரை சிரித்துக்கொண்டேயிருந்தார்.