எல்லாப் பானையிலும் அரிசி

வாருங்கள், உட்காருங்கள். பசியோடு வந்தவர்கள் முன்வரிசைக்கு வரலாம், ஏனென்றால் இது சாப்பாட்டுக் கதை.

ராஜாக்கள் நெல்லாகவே வரி வாங்கிய காலம். ஆற்றங்கரையில் வேப்பந்துறை என்றொரு ஊர். அங்கே மாசிலாமணி என்ற கயிறு வியாபாரி, தாயில்லாத ஒரே மகள் வடிவோடு வாழ்ந்து வந்தார்.

வடிவு கெட்டிக்காரி. மழைக்காலம் வருமுன்பே, விலை இறங்கிய சமயம் பார்த்துச் சமையலறையை நிரப்பிவிடுவாள். பழைய அரிசியாகப் பார்த்து வாங்குவாள். அதுதான் உலையில் நன்றாகப் பொங்கும், கொஞ்சம் போட்டாலும் வயிறு நிறையும். கொள்ளு வாங்குவாள். புளியும் உப்பும் வாங்குவாள். எல்லாம் சேர்ந்து மூன்றே அடுக்குப் பானை. மழைக்காலம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் அந்த ஊரில் ஒரு வழக்கம். பெண் பார்க்க வருகிற அம்மாமார்கள் முதலில் சமையலறைக்குள் போவார்கள். பானை அடுக்குகளை எண்ணுவார்கள். மூடியைத் தூக்கி எட்டிப் பார்ப்பார்கள். அடுக்கு குறைந்தால் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். அவர்கள் பெண்ணைப் பார்க்க வந்தார்களா, பானையைப் பார்க்க வந்தார்களா? எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வடிவுக்கும் ஒரு வரன் வந்தது. பையன் ஓடத்தில் சரக்கு ஏற்றி வியாபாரம் செய்பவன். துறையில் அவனைப் பார்த்திருந்த வடிவுக்கு, இந்த இடம் அமைந்துவிட வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. மாசிலாமணியோ சமையலறைக்குள் போய் அடுக்குகளை எண்ணிப் பார்த்தார். மூன்றே அடுக்கா!

வடிவு ஆற்றுக்குப் போன நேரம் பார்த்துக் குயவரிடம் புதுப் பானைகள் வாங்கி வந்தார். சிலவற்றில் உமி நிரப்பினார். சிலவற்றில் மணல் நிரப்பினார். சிலவற்றில் வைக்கோலைத் திணித்தார். பிறகு, இருந்த அரிசியை அள்ளி எல்லாவற்றுக்கும் மேலே பரப்பினார். கொள்ளுக்கு மேலும் அரிசி, உப்புக்கு மேலும் அரிசி. அவசரத்தில் எதை எங்கே அடுக்கினோம் என்று அவருக்கே தெரியாமல் போனது.

பையனின் தாய் சௌந்தரவல்லி அக்கரையிலிருந்து உறவுக்காரர்களோடும் குழந்தைகளோடும் ஓடத்தில் வந்தாள். அடுக்குகளை எண்ணினாள். மூடிகளைத் தூக்கினாள். எல்லாப் பானையிலும் அரிசி! முகமெல்லாம் சிரிப்பாகக் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா ஆறு பெருகி வர வேண்டும்? ஓடம் நின்றுபோனது. வந்தவர்கள் எல்லாரும் அங்கேயே தங்கும்படி ஆயிற்று.

வடிவு உலை வைத்துவிட்டு அரிசி அள்ளினாள். இரண்டாவது கைக்கே உமி வந்தது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அப்பா, அரிசி எங்கே?"

"இந்தப் பக்கம்தான்." அள்ளினாள், மணல்.

"அப்போ அந்தப் பக்கமா இருக்கும்." அள்ளினாள், வைக்கோல்.

"மேல் பானையில பாரேன்." அள்ளினாள், உப்பு.

"அம்மாடி, எனக்கே தலை சுத்துது," என்று மாசிலாமணி தூணைப் பிடித்துக்கொண்டார். "அடுக்கு கூடத் தெரியட்டும்னு மேல மட்டும்தான் அரிசி பரப்பினேன். நீ மட்டும் வாயைத் திறந்துடாதே. தெரிஞ்சா கல்யாணம் நின்னுபோயிடும்."

வடிவு அகப்பையோடு நின்றாள். சொன்னால் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் வந்தவர்கள் பட்டினி கிடப்பார்கள். கூடத்தில் குழந்தைகள் சிணுங்கத் தொடங்கியிருந்தன. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் சௌந்தரவல்லியைக் கூப்பிட்டாள்.

"அம்மா, கொஞ்சம் உள்ளே வாங்க. நீங்க பார்த்தது பூராவும் அரிசி இல்லே, மேல மட்டும்தான். அடியில எதுல என்ன இருக்குன்னு எங்க யாருக்கும் தெரியாது."

சௌந்தரவல்லி ஒரு பானையில் கைவிட்டாள். இன்னொன்றில் கைவிட்டாள். மூன்றாவதிலும் விட்டாள்.

"இதென்ன கூத்து? உமிக்கு எதுக்கு இத்தனை மூடி?" என்று விழித்தாள்.

மாசிலாமணி கதவுக்குப் பின்னால் போய்விட்டார். பிறகு சௌந்தரவல்லி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"முறத்தை எடு பொண்ணே. பிள்ளைங்க பசியில கிடக்குது."

ஒருத்தி உமியைப் புடைத்தாள், ஒருத்தி மணலை அரித்தாள். அரிசி தேறியது. ஒரு பானையின் அடியில் கொள்ளு கிடைத்தது. ஒன்றில் புளி கிடைத்தது. பழைய அரிசியல்லவா, பானை நிறையப் பொங்கியது. வெள்ளம் வடியாத நாளெல்லாம் காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் கொள்ளு ரசமும், ராத்திரி மறுபடியும் கஞ்சி. அவ்வப்போது பல்லில் மணல் நறநறத்தது. யாரும் பசியோடு படுக்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் மாசிலாமணி கைகூப்பினார். "தப்பு என்னோடது. பொண்ணை வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

"அண்ணா, நெசமா இருந்தது மூணே அடுக்கு. அதுலயே இத்தனை பேருக்கும் சோறு போட்டுட்டா உங்க பொண்ணு," என்றாள் சௌந்தரவல்லி. பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "என் வீட்டுல பன்னிரண்டு அடுக்கு நிக்குது. என் மாமியார் காலத்துல மேல பரப்பின அரிசி. அடியில என்ன இருக்கோ, இன்னிக்கு வரைக்கும் கொட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரலே. இவ வந்துதான் பார்க்கணும், சீக்கிரம் முகூர்த்தம் வைங்க."

ஆகவே கேளுங்கள்: ஊரார் எண்ணுவதற்காகப் பல பானைகளை மூடி வைப்பதைவிட, வீட்டார் சாப்பிடுவதற்காக ஒரு பானையை உண்மையாக நிரப்பி வைப்பதே மேல்.