மழை அனுப்பிய தூதர்கள்

முன்னொரு காலத்தில், மழையோடு கோபித்துக்கொண்ட ராஜா ஒருவர் இருந்தார். வேட்டைக்குப் போன இடத்தில் தொப்பலாக நனைந்து, பட்டு அங்கவஸ்திரம் சாயம்போக அரண்மனைக்குத் திரும்பியிருந்தார்.

"சொல்லாமல் கொள்ளாமல் வருவதற்கு இதென்ன சத்திரமா? இனி மழை வருவதானால் முன்கூட்டியே தூது அனுப்ப வேண்டும்!" என்றார்.

இதைக் கேட்டு மந்திரி அகோரமூர்த்திக்கு மனம் குளிர்ந்தது. அரண்மனை விகடகவி மாசிலாமணியின் ஏரிக்கரை வீட்டின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"மகாராஜா, கொக்கோடும் தவளையோடும் குடித்தனம் நடத்துகிற மாசிலாமணி அந்தத் தூதனைக் காட்டட்டும். தூதன் கையில் எதையும் ஏந்தக் கூடாது; வாய் திறந்து பேசவும் கூடாது. சேதி மட்டும் வந்து சேர வேண்டும். முடியாவிட்டால் வீட்டைக் காலிசெய்யட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

அந்த வீட்டை விட்டால் மாசிலாமணிக்குப் போக்கிடம் ஏது? விடிந்ததும் கிணற்றடியில் நின்று வானத்தையும் வேலியையும் பார்ப்பது அவர் வழக்கம். இப்போது கவலையோடு பார்த்தார். நாள்தோறும் வெயில்தான் கொளுத்தியது. பிறகு ஒரு காலையில் தும்பிகள் தலையை உரசுவதுபோல் தாழப் பறந்தன. குனிந்து தரையைப் பார்த்தவர் அப்படியே அரண்மனைக்கு ஓடினார்.

"மகாராஜா, தூதர்கள் வந்திருக்கிறார்கள். ஒரு படையே வந்திருக்கிறது! தாங்கள்தான் எழுந்தருள வேண்டும்."

ராஜா மந்திரியோடு வந்தார். கிணற்றடியிலிருந்து வீட்டுச் சுவரில் எறும்புகள் கறுப்புக் கோடாக ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளை முட்டை.

"இவர்களுக்குக் கையே கிடையாது, மகாராஜா. வாயில் பிள்ளையைக் கவ்வியிருப்பதால் பேசவும் முடியாது. மழை வருகிறது, மேட்டுக்குப் போங்கள் என்பதுதான் சேதி."

"வானத்தில் ஒரு மேகத்தைக் காணோமே!" என்று மந்திரி சிரித்தார்.

ராஜா சிரிக்கவில்லை. அறுத்த நெல்லெல்லாம் களங்களில் திறந்து கிடந்தது. உடனே முரசறையச் சொன்னார். ஜனங்கள் ஓடி ஓடி நெல்லை மூடினார்கள். மந்திரி மட்டும் தம் களத்துக்கு ஆளனுப்பவில்லை.

சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மந்திரி தலையில் அடித்துக்கொண்டு களத்துக்கு ஓடினார். நெல் நனையவில்லை. மேலே ஓலைப்பாய்கள் கிடந்தன; காற்றில் பறக்காதபடி ஒரு மூலையை மிதித்துக்கொண்டு நின்றவர் மாசிலாமணி.

மந்திரி ஓடிப்போய் மறு மூலையை மிதித்துக்கொண்டார். "உம் வீட்டைப் பறிக்கப் பார்த்தேனே, ஐயா."

"இனி பறித்தும் பயனில்லை. எறும்புகள் குடும்பத்தோடு குடியேறிவிட்டார்கள். உமக்கு இடமேது?"

இதைக் கேள்விப்பட்ட ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, வீட்டையும் அதையொட்டிய தோப்பையும் மாசிலாமணிக்கே சாசனம் செய்துகொடுத்தார். "தூதர்களுக்கு என்ன வெகுமதி?" என்று கேட்டார்.

"ஒரு பிடி அரிசிமாவு போதும், மகாராஜா."

மறுநாள் ராஜாவே வந்து, குனிந்து, தாழ்வாரச் சுவரோரம் மாவைத் தூவினார். "ஊருக்குச் சோறு மிஞ்சியது உங்களால்தான்" என்று எறும்புகளிடம் சொன்னார். ஒரு தூதர் அவர் கால்விரலைச் சுருக்கென்று கடித்துவிட்டார். ராஜா துள்ளிக் குதித்துச் சிரித்தார். காலை உதறாமல், அந்த எறும்பை மெல்ல எடுத்து மாவின் பக்கத்தில் விட்டார்.