குதிரை வேலை கேட்ட ராயசம்

செங்கானூர் ராஜ்யத்தில் இரண்டு வருஷமாக மழை இல்லை. நெல் விலை இரண்டு மடங்காகிவிட்டது. அரண்மனைச் சம்பளம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ராஜாவுக்கு ஓலை எழுதும் ராயசம் சிற்றம்பலம் மாதம் பத்துப் பணம் வாங்கினார். அவர் வீட்டில் சோறு கஞ்சியாகி, கஞ்சியும் தண்ணீராகிக்கொண்டிருந்தது. வாயிற்காவலரும் மடைப்பள்ளிக்காரரும் அவரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வாயுள்ள பிள்ளை நீர்தான், எல்லாருக்குமாக நீரே போய்க் கேளும் என்றார்கள்.

அவரும் கேட்டார். பூபதி ராஜா இரக்கமில்லாதவர் அல்ல. ஆனால் பொக்கிஷ அதிகாரி அனந்தப்பர் குறுக்கே விழுந்தார். இது தங்கள் பாட்டனார் வகுத்த சம்பளம், இதை மாற்றினால் அவர் கணக்குத் தப்பு என்று ஆகிவிடும் என்றார். ராஜா யோசித்தார். பிறகு, சம்பளப் பேச்சு வேண்டாம், வேறு என்ன வேண்டுமானாலும் கேள் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் சபை கூடியதும் சிற்றம்பலம் எழுந்து நின்றார்.

"மகாராஜா, சம்பளத்தைப் பற்றிப் பேசமாட்டேன். என் உத்தியோகத்தை மாற்றித் தந்தால் போதும்."

"எந்த உத்தியோகம் வேண்டும்?"

"லாயத்தில் குதிரையாக இருக்கிறேன்."

சபையில் சிரிப்பை அடக்கப் பலர் பாடுபட்டார்கள். ராஜா காரணம் கேட்டார்.

"போன வருஷம் குதிரைக்குத் தினம் நாலு படி கொள்ளு. இந்த வருஷம் கொள்ளு விலை ஏறிப்போச்சு. ஆனாலும் அதே நாலு படி. அதனிடம் யாரும் பாட்டனார் காலத்து விலையைச் சொல்லவில்லை. எனக்குப் பணமாகத் தருகிறீர்கள். அது சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதியாகிவிடுகிறது."

அனந்தப்பருக்குப் பொறுக்கவில்லை.

"குதிரையென்றால் மகாராஜாவைச் சுமக்கவேண்டும் ஐயா. உம்மால் ஆகுமா?"

சிற்றம்பலம் அடக்கமாகச் சொன்னார்: "பத்துப் பணத்தை வைத்துக்கொண்டு பெண்டாட்டி, மாமியார், நாலு பிள்ளைகள் என்று ஆறு பேரைச் சுமக்கிறேன். மகாராஜா ஒருவர்தானே."

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை சரிந்தது. அதைச் சரிசெய்தபடியே சிற்றம்பலத்தை ஓலை எடுக்கச் சொன்னார். பாட்டனார் வகுத்த சம்பளம் அப்படியே இருக்கட்டும். அதற்கு மேல் அரண்மனையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தினம் இரண்டு படி நெல், களஞ்சியத்திலிருந்து அளக்கவேண்டும்.

"இதற்கு என்ன பெயர் எழுதட்டும், மகாராஜா?"

"பஞ்சத்துக்குக் கொடுக்கிற படிதானே? பஞ்சப்படி என்றே எழுது."

சபை கலைந்தது. எல்லாரும் போகும்வரை தூணோரம் நின்றிருந்த அனந்தப்பர், மெல்லச் சிற்றம்பலத்தின் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஓய், அந்த ஓலையில் பொக்கிஷ அதிகாரியும் உண்டுதானே?"